படகின் கியர், ஷாஃப்ட், புரொப்பல்லர் பராமரிப்பு: சென்னைப் படகுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காசிமேடு, கோவளம், முட்டுக்காடு ஆகிய இடங்களில் படகு வைத்திருப்போர் கேட்கும் கேள்விகளில், எஞ்சினின் சுழற்சியைப் புரொப்பல்லர் வரை கொண்டுசேர்க்கும் பாகங்களைப் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கார்புரேட்டர், டீசல் பம்ப், பேட்டரி ஆகியவை இதில் வரா. படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் பொருத்திய ஃபைபர் படகுகளே எண்ணிக்கையில் மிகுதி என்பதால் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். உள்ளே எஞ்சின் வைத்த விசைப்படகுகளுக்கான விடைகள் பின்பகுதியில் உள்ளன.

எந்தப் பாகத்துக்கு எண்ணெய், எதற்குக் கிரீஸ்?

அவுட்போர்டின் அடிப்பகுதியில், புரொப்பல்லருக்கு முன்னால் இருக்கும் கியர் பெட்டிக்குள் இருப்பது கியர் ஆயில். புரொப்பல்லர் மாட்டும் ஷாஃப்டின் பல்வரிகள், எஞ்சினைத் திருப்பும் அச்சு, தூக்கி இறக்கும் குழாய், ஸ்டீயரிங் இணைப்பு, கியர் மாற்றும் கம்பியின் மூட்டுகள் ஆகியவற்றுக்குக் கிரீஸ். இவை இரண்டுமே கூடாத பாகங்களும் உண்டு. குளிர்நீர்ப் பம்பில் நீரை இறைக்கும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரும், விசைப்படகின் ஷாஃப்டைத் தாங்கும் ரப்பர் பதித்த பேரிங்கும் தண்ணீரையே மசகாகக் கொண்டு ஓடுபவை. புது இம்பெல்லரை உள்ளே நுழைக்க வழுவழுப்பு வேண்டுமானால் சோப்புத் தண்ணீரோ கிளிசரினோ போதும். கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப்போகும்.

கியர் ஆயிலை எவ்வளவு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

புது எஞ்சினானால் முதல் 10 அல்லது 20 மணி நேர ஓட்டத்திலேயே ஒருமுறை மாற்றச் சொல்வார்கள்; எந்த அளவு என்பது மேனுவலில் இருக்கும். அதன் பிறகு பெரும்பாலான எஞ்சின்களுக்கு 100 மணி நேரம் அல்லது குறிப்பிட்ட மாதங்கள், இவற்றுள் எது முந்துகிறதோ அது. இந்த 100 மணி நேரத்தைப் பலர் ‘வருடத்துக்கு ஒருமுறை’ என்று மனத்தில் பதித்துக்கொள்வதுதான் சிக்கல். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உப்பங்கழியில் ஓடும் உல்லாசப் படகுக்கு அந்தக் கணக்கு சரியாக வரலாம். நாள்தோறும் 6 மணி நேரம் எஞ்சின் ஓடும் மீன்பிடிப் படகுக்கு 100 மணி நேரம் என்பது 17 நாள்தான். அத்தனை அடிக்கடி மாற்றக் கட்டுப்படியாகாது என்று நினைப்பவர்கள், குறைந்தது வாரம் ஒருமுறை கீழ்த் திருகைச் சற்றே தளர்த்தி, முதலில் கசியும் சில சொட்டுகளை உள்ளங்கையில் வாங்கிப் பார்க்கட்டும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால், உள்ளே நீர் தேங்கியிருந்தால் அதுதான் முதலில் வரும்.

மாற்றும் முறை என்ன? மேலிருந்து ஊற்றினால் போதாதா?

போதாது. எஞ்சினைச் செங்குத்தாக நிறுத்தி, கீழ்த் திருகை முதலிலும் மேல் திருகைப் பிறகும் கழற்ற வேண்டும். மேல் திருகைத் திறந்ததும் காற்றுப் புகுந்து எண்ணெய் தடையில்லாமல் இறங்கும். சற்று நேரம் ஓட்டிச் சூடேறிய எஞ்சினில் இதைச் செய்தால் அடியில் படிந்த கசடும் சேர்ந்து வந்துவிடும். புது எண்ணெயைக் கீழ்த் துளை வழியாகவே பம்ப் அல்லது பிதுக்கும் டியூப் கொண்டு ஏற்ற வேண்டும். எண்ணெய் கீழிருந்து உயரும்போது காற்று மேலே தள்ளப்பட்டு மேல் துளை வழியாக வெளியேறும். மேலிருந்து ஊற்றினால் பேரிங்குகளுக்கு இடையே காற்றுக் குமிழி தங்கி, பெட்டி நிறைந்தது போல ஏமாற்றிவிடும். மேல் துளையில் குமிழியின்றி எண்ணெய் வழிந்ததும் முதலில் மேல் திருகை மூடிவிட்டு, அதன் பின்னரே பம்பை எடுத்துக் கீழ்த் திருகை மாட்டுங்கள். வரிசை மாறினால் ஏற்றிய எண்ணெயில் ஒரு பகுதி காலடி மணலுக்குப் போகும். இரண்டு திருகுகளின் வாஷர்களையும் ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்றுவது நல்லது. சில ரூபாய்ப் பொருளான அந்த வாஷரைச் சிக்கனம் பிடித்துக் கியர் பெட்டியைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெளியே வந்த பழைய எண்ணெயில் என்ன பார்க்க வேண்டும்?

எந்த எண்ணெயை ஊற்றினோம் என்பதைவிட எந்த எண்ணெய் வெளியே வந்தது என்பதே முக்கியம் என்று நான் கருதுகிறேன். கடையில் நல்ல எண்ணெயைத் தேடி அலைபவர்களில் பலர், பழையதை ஏதாவதொரு டப்பாவில் வடித்துத் திரும்பிப் பாராமல் நகர்ந்துவிடுகிறார்கள். வெள்ளை நிறப் பாத்திரத்தில் வடித்து, வெயிலில் வைத்துப் பாருங்கள்.

பால் விட்ட தேநீரைப் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்து எண்ணெயோடு கடையப்பட்டிருக்கிறது என்று பொருள். எண்ணெய் தெளிவாகவும் அடியில் தனியே நீர்த்துளிகளும் இருந்தால், படகு நின்றிருந்தபோது நீர் புகுந்து இன்னும் கலக்காமல் இருக்கிறது. கருத்துத் தீய்ந்த வாடை அடித்தால், அளவு குறைந்தோ மிகப் பழையதாகியோ சூட்டில் வெந்திருக்கிறது. கீழ்த் திருகின் முனையில் காந்தம் வைத்த எஞ்சின்களில், அந்தக் காந்தத்தில் மை போன்ற நுண்ணிய பசை ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. விரலில் குத்தும் அளவுக்குச் சில்லுகளோ, ஊசி போன்ற துணுக்குகளோ இருந்தால் பல் உடைந்திருக்கலாம் அல்லது பேரிங் உதிரத் தொடங்கியிருக்கலாம். அன்றே பெட்டியைத் திறந்தாக வேண்டும். வடிந்த அளவையும் பாருங்கள். பெட்டியின் கொள்ளளவைவிடக் குறைவாக வந்து, நீரும் இல்லையென்றால் எண்ணெய் வெளியே கசிந்துகொண்டிருக்கிறது.

மூடிய பெட்டிக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது?

ஓட்டத்தில் கியர் பெட்டி சூடாகி உள்ளே இருக்கும் காற்றும் எண்ணெயும் விரிகின்றன. எஞ்சினை நிறுத்தியதும் சுற்றியுள்ள கடல்நீர் அதைக் குளிர்விக்க, உள்ளே சுருக்கம் ஏற்பட்டு ஓர் உறிஞ்சல் உண்டாகிறது. ஷாஃப்டைச் சுற்றி எண்ணெயையும் நீரையும் அடைத்துப் பிடிக்கும் வளையங்களான ஆயில் சீல்கள் நன்றாக இருந்தால் அந்த உறிஞ்சலைத் தாங்கும். தேய்ந்திருந்தால் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு சில துளி நீர் உள்ளே இழுபடும்.

சீலைத் தேய்ப்பதில் நம் கடற்கரையில் முதல் குற்றவாளி தங்கூசி என்னும் ஒற்றை நைலான் இழைதான். அறுந்த தங்கூசி வலையின் இழை புரொப்பல்லருக்கும் பெட்டிக்கும் இடையே சுற்றிக்கொண்டு, சுழற்சியில் இறுகி, ஆயில் சீலின் உதட்டை அறுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது. கோவளத்தில் ஒருவர் இரண்டு மாதத்தில் மூன்று முறை கியர் ஆயில் மாற்றியும் ஒவ்வொரு முறையும் வெள்ளையாகவே வருகிறது, எண்ணெய் கலப்படம் என்று கடைக்காரரோடு சண்டை போட்டிருந்தார். புரொப்பல்லரைக் கழற்றிப் பார்த்தபோது, புரொப்பல்லரின் தள்ளுவிசையைத் தாங்கும் தள்ளு வாஷருக்குப் பின்னால் தங்கூசி உருகிக் கெட்டியான வளையமாக உட்கார்ந்திருந்தது. கத்தி முனையால் அதைச் சுரண்டி எடுக்க அரை மணி நேரம் பிடித்தது. வலைகள் மிகுந்த நீரில் ஓட்டுபவர்கள் 100 மணி நேரம் வரை காத்திராமல் மாதம் ஒருமுறையாவது புரொப்பல்லரைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

ஆயில் சீலைப் புதுப்பேட்டையில் அதே அளவுக்கு வாங்கிப் போடலாமா?

அளவு பொருந்தும். வாகன உதிரிபாகக் கடைகள் உள்ள புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றும் ஒத்த சீல் கிடைக்கக்கூடும். ஆனால் வாகனங்களுக்கான சீலில் உதட்டை இறுக்கிப் பிடிக்கும் சுருள்வில் பெரும்பாலும் சாதாரண எஃகுக் கம்பி. உப்புநீரில் அது துருப்பிடித்து அறுந்ததும் உதடு தளர்ந்துவிடும். கடல் எஞ்சினுக்கான சீலில் துருப்பிடிக்காத எஃகு வில் இருக்கும். அவசரத்துக்கு வாங்கினாலும் வில்லின் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

புரொப்பல்லர் ஷாஃப்டில் பெரும்பாலும் இரண்டு சீல்கள் இருக்கும். எது எந்தப் பக்கம் முகம் காட்டியிருந்தது என்பதைக் கழற்றும்போதே செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தலைகீழாக மாட்டினால் புது சீலும் முதல் நாளே ஒழுகும். ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், எத்தனை சீல் மாற்றினாலும் பயனில்லை. மாற்றி முடித்த பிறகு, எண்ணெய் ஊற்றுமுன், மேல் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அளவில் கொடுத்துச் சில நிமிடம் முள் இறங்காமல் நின்றால் போதும். வாளித் தண்ணீரில் பெட்டியை முக்கினால் ஒழுகும் இடம் குமிழியாகவே காட்டிக்கொடுத்துவிடும்.

லாரிக்கு ஊற்றும் 90 ஆயிலை ஊற்றினால் என்ன ஆகும்?

பல அவுட்போர்டுகளின் மேனுவலில் எஸ்ஏஇ 90 ஹைபாய்டு கியர் ஆயில் என்றுதான் எழுதியிருக்கும். ஜிஎல் 4 அல்லது ஜிஎல் 5 என்ற தரக் குறியீடும் உடன் இருக்கும். தரம் பொருந்தினால் வாகன எண்ணெய் கியரை உடனே கெடுத்துவிடாது. வேறுபாடு தண்ணீர் புகும்போது வெளிப்படும். கடல் எஞ்சினுக்கான எண்ணெயில், சிறிதளவு நீர் கலந்தாலும் மசகுப் படலம் கிழியாமலும் இரும்பு துருப்பிடிக்காமலும் காக்கும் பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கும். பணம் மிச்சப்படுத்தியே ஆக வேண்டுமென்றால், மலிவான எண்ணெயை அடிக்கடி மாற்றுவது, விலையுயர்ந்த எண்ணெயை ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பதைவிட மேல் என்பது என் கருத்து.

எந்தக் கிரீஸ் நல்லது?

கடல்நீரில் கரைந்து ஓடாத, என்எல்ஜிஐ 2 கெட்டித்தன்மையுள்ள கடல்வகைக் கிரீஸ். கால்சியம் சல்ஃபோனேட் அல்லது லித்தியம் காம்ப்ளெக்ஸ் அடிப்படையில் வருபவை பொருந்தும். கிராஃபைட் கலந்த கிரீஸைத் தவிருங்கள். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் பொருள் என்பதால் உப்புநீரில் அலுமினியப் பெட்டியின் அரிப்பைத் தூண்டிவிடும். இருவேறு வகைக் கிரீஸ்களைக் கலப்பதும் நல்லதன்று. அடிப்படைப் பொருள்கள் ஒத்துப்போகாவிட்டால் இரண்டும் இளகித் தண்ணீராக வழிந்துவிடும்.

நொச்சிக்குப்பம் போன்ற அலைவாய்க்கரைகளில், படகை மணலில் இழுத்து ஏற்றும் இடங்களில், இன்னொரு சேதி உண்டு. மணல் ஒட்டிய பழைய கிரீஸின் மேலேயே புதுக் கிரீஸை அப்புவது, வால்வைத் தேய்க்கும் பசையைத் தடவுவதற்குச் சமம். முதலில் துணியாலும் டீசலாலும் பழையதை முற்றாகத் துடைத்தெடுங்கள். கிரீஸ் நிப்பிள் உள்ள இடங்களில், கறுத்த பழைய கிரீஸ் வெளியேறி நல்ல நிறத்தில் புதியது எட்டிப்பார்க்கும்வரை அழுத்துங்கள். எவ்வளவு அழுத்தியும் எதுவும் வெளிவரவில்லையென்றால் உள்ளே கெட்டிப்பட்டு அடைத்திருக்கிறது.

புரொப்பல்லரைக் கழற்றி மாட்டும்போது கவனிக்க வேண்டியவை யாவை?

கியரை நியூட்ரலில் வைத்து, அவசர நிறுத்தக் கயிற்றை உருவி, ஸ்பார்க் பிளக் வயர்களையும் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கழற்றும் பாகங்களை அதே வரிசையில் ஒரு துணியில் அடுக்குங்கள். தள்ளு வாஷர் திரும்பியோ விடுபட்டோ போனால் புரொப்பல்லர் பெட்டியையே உரசித் தேய்த்துவிடும். பல்வரிகளைத் துடைத்து, நீளம் முழுவதும் கிரீஸ் பூசுங்கள். கிரீஸ் இல்லாமல் ஒரு பருவம் உப்பில் கிடந்த புரொப்பல்லரை எடுக்கச் சம்மட்டியும் நெருப்பும் தேவைப்படும். நெருப்பு பட்டால் நடுவே உள்ள ரப்பர் புஷ் வீணாகும். எஞ்சின் வேகம் கூடியும் படகு வேகம் கூடவில்லையென்றால் அந்த ரப்பர் புஷ் வழுக்குகிறதா என்று பாருங்கள். நட்டை மேனுவலில் உள்ள முறுக்கு அளவுக்கு இறுக்கி, பிளவு ஊசியை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

அடிப்பகுதியையே கழற்றி மாட்டும்போது இன்னொன்று: செங்குத்து ஷாஃப்டின் மேல்நுனிப் பல்வரிகளின் பக்கங்களில் மட்டும் கிரீஸ் தடவ வேண்டும். உச்சியில் அப்பினால் கிரீஸ் சிக்கிக்கொண்டு ஷாஃப்ட் முழுமையாக உள்ளே உட்கார விடாது.

போர்வெல் தண்ணீரில் கழுவினால் போதுமா?

கடலை ஒட்டிய பகுதிகளில் போர்வெல் நீர் உவர்ப்பாக இருப்பது நமக்குப் புதிதன்று. ராயபுரம் முதல் கிழக்குக் கடற்கரைச் சாலை வரை பல வீடுகளில் அதை வாயில் வைக்க முடியாது. அந்த நீரில் எஞ்சினைக் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதாகும். நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும் நீரை விட்டுவிட்டு, மெட்ரோ வாட்டரோ லாரித் தண்ணீரோ ஒரு டிரம் நிறைய வைத்துக்கொண்டு, 10 நிமிடமாவது அதில் எஞ்சினை மெதுவேகத்தில் ஓட்டுங்கள். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டுச் செய்வது பாதுகாப்பானது. தண்ணீரில்லாமல் ‘கொஞ்ச நேரம்தானே’ என்று ஓட்டினால் இம்பெல்லர் சில நொடிகளிலேயே சூடேறிக் கருகத் தொடங்கும்.

அனோடு எதற்கு? பெயின்ட் அடிக்கலாமா?

பெயின்ட் அடிக்கவே கூடாது. கியர் பெட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காகவே அந்த உலோகத் துண்டு வைக்கப்பட்டிருக்கிறது. அதை மூடினால் அரிப்பு பெட்டிக்கும் ஷாஃப்டுக்கும் போகும். கடலில் மட்டும் ஓடுவதற்குத் துத்தநாகமும் அலுமினியக் கலவையும் பொருந்தும். முட்டுக்காடு, பழவேற்காடு போன்ற, மழைக்காலத்தில் நன்னீரும் கோடையில் உப்புநீருமாக மாறும் நீர்நிலைகளில் அலுமினியக் கலவையே நல்லது; உப்பு குறைந்த நீரில் துத்தநாகத்தின் மேல் ஏடு படிந்து அது வேலை செய்யாமல் போகும். மக்னீசியம் நன்னீருக்கு மட்டும். பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள்.

விசைப்படகில் ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் தண்ணீர் சொட்டுகிறது. இது கோளாறா?

ஷாஃப்டைச் சுற்றிக் கயிறு திணித்து நீரை அடைக்கும் கிளாண்ட் பேக்கிங்கானால், ஷாஃப்ட் சுழலும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழத்தான் வேண்டும். அந்த நீரே ஷாஃப்டைக் குளிர்விக்கிறது. ஒரு சொட்டும் விழாதபடி இறுக்கினால் கயிறு கருகி, ஷாஃப்டில் வளையம் வளையமாகப் பள்ளம் விழும். பிறகு எந்தக் கயிறும் நீரை நிறுத்தாது. ஓட்டத்தின்போது கிளாண்டைக் கையால் தொட்டால் இளஞ்சூடாக இருக்கலாம், சுடக் கூடாது. ஓடும் ஷாஃப்டுக்கு அருகே லுங்கி நுனியோ துண்டோ தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கயிறு மாற்றும்போது பழையதை முழுவதும் தோண்டி எடுக்க வேண்டும். பழையதன் மேல் ஒரு சுற்றுப் புதியதைத் திணிப்பது வழக்கமாகிவிட்டது. உள்ளே கெட்டிப்பட்ட கயிறு ஷாஃப்டைத் தேய்த்துக்கொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு சுற்றையும் தனி வளையமாகச் சாய்வாக வெட்டி, வெட்டுவாய்கள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் இடம் மாற்றி வையுங்கள். கையால் இறுக்கி, படகை நீரில் ஓட்டிப் பார்த்த பிறகு, நட்டைச் சிறிது சிறிதாகத் திருகிச் சொட்டைக் குறைப்பதே முறை.

ஓட்டத்தில் படகின் அடியே அதிர்கிறது. கிரீஸ் அடித்தும் குறையவில்லையே?

கிரீஸால் தீராத நோய் அது. கியர் பாக்ஸின் இணைப்புத் தட்டும் ஷாஃப்டின் தட்டும் நேருக்கு நேர் இல்லாவிட்டால் பேரிங், கிளாண்ட், கியர் பாக்ஸ் சீல் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் தேயும். போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு தட்டுகளையும் ஒட்டவைத்து, நான்கு திசையிலும் ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடுகளால் இடைவெளி பாருங்கள். தட்டின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை வேறுபாடு தாங்கும் என்பது பொதுவான கணக்கு. 4 அங்குலத் தட்டானால் ஏறத்தாழ 0.1 மி.மீ. இந்த அளவைக் கரையில் எடுத்தால் பயனில்லை. படகு நீரில் இறங்கியதும் அதன் உடல் வடிவம் சற்று மாறும். மரப்படகில் இது மிகுதி. இறக்கி ஒன்றிரண்டு நாள் கழித்து, டீசலும் ஐஸும் வழக்கமான அளவில் இருக்கும்போது பாருங்கள். அப்போதும் அதிர்ந்தால் புரொப்பல்லர் இறக்கை வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விசைப்படகின் கியர் பாக்ஸுக்கு என்ன எண்ணெய்?

இதற்குப் பொது விடை இல்லை. சில எஞ்சின் ஆயிலில் ஓடும், சில தானியங்கிக் கியர் எண்ணெயில் ஓடும். பெட்டியின் மேல் ஒட்டிய தகட்டைப் பாருங்கள். கடல்நீரால் குளிரும் ஆயில் கூலர் உள்ள பெட்டியில் எண்ணெய் வெளுத்தால், சீலுக்கு முன்னால் கூலரைச் சந்தேகியுங்கள்.

நீண்ட வால் எஞ்சினுக்கும் இவையெல்லாம் பொருந்துமா?

நீண்ட ஷாஃப்டின் நுனியில் புரொப்பல்லர் உள்ள அந்த எஞ்சினுக்கும் பெரிதும் பொருந்தும். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் வால்நுனி புஷ்தான் மணலையும் சேற்றையும் அதிகம் தின்னும் இடம். கடலுக்குப் போய்வந்த அன்றே, ஈரம் காயுமுன், அங்கே கிரீஸ் ஏற்றுங்கள். வாலைப் பிடித்து ஆட்டினால் ஷாஃப்ட் ஆடும் அளவுக்குத் தேய்ந்த புஷ்ஷைக் கிரீஸ் காப்பாற்றாது.

பராமரிப்பைத் தடைக்காலத்தின் முடிவில் செய்யலாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன; பெரும்பாலோர் ஜூன் முதல் வாரத்தில்தான் மெக்கானிக்கைத் தேடுகிறார்கள். எண்ணெயை மாற்ற வேண்டியது ஏப்ரலில், படகை நிறுத்தும் நாளில். உப்புநீர் கலந்த எண்ணெயோடு கியரும் பேரிங்கும் இரண்டு மாதம் அசையாமல் கிடந்தால், உருளைகள் தொட்டுக்கொண்டிருக்கும் கோடுகளில் துருப்பள்ளம் விழும். ஜூனில் புது எண்ணெய் ஊற்றினாலும் அந்தப் பள்ளம் போகாது. வெளிநாட்டு மேனுவல்களில் பனிக்காலத்துக்கு முன் எண்ணெய் மாற்றச் சொல்லும் அத்தியாயத்தை, ‘இங்கே பனி உறையாதே’ என்று நாம் புரட்டிவிடுகிறோம். உறைந்த நீர் பெட்டியைப் பிளக்கும் என்பது அங்குள்ள ஒரு காரணம். துரு என்ற மற்றொரு காரணம் கத்திரி வெயிலிலும் அப்படியே இருக்கிறது. அவுட்போர்டையும் மழைக்காலத்தில் நீண்ட நாள் நிறுத்துவதானால் இதே முறைதான். படுக்க வைக்காமல், நீர் முழுதும் வடியும்படி நிமிர்த்தி வையுங்கள்.

வடித்த பழைய எண்ணெயை என்ன செய்வது?

2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெய் அபாயகரக் கழிவு. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போய்ச்சேர வேண்டும். கேனில் சேர்த்து, எண்ணெய் மாற்றும் பணிமனையிலேயே ஒப்படைப்பது எளிது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது படகும் வலையும் என்ன ஆயின என்பதை அறிந்தவர்களுக்கு, துறைமுக நீரில் ஏன் கொட்டக் கூடாது என்று விளக்கத் தேவையில்லை. மரப்படகின் அடியில் பூசுவதற்கென்று பழைய எண்ணெயைக் கேட்டு வாங்குபவர்களுக்கும் கொடுக்க வேண்டாம்.

கடலுக்குப் புறப்படும் நேரத்தில் எண்ணெய் வெள்ளையாக வருவதைக் கண்டால் போகலாமா?

போக வேண்டாம். கடலில் இருக்கும்போது தெரியவந்தால், வேகத்தைக் குறைத்துக் கரைக்குத் திரும்பிவிடலாம். நீர் கலந்த எண்ணெயும் அந்தச் சில மணி நேரத்துக்குப் பெரும்பாலும் தாங்கும். கரை சேர்ந்த பிறகு நாளைக்கு என்று விட்டுவைப்பதுதான் கேடு. எஞ்சின் சூடு ஆறுமுன் வடித்து, மலிவான எண்ணெயை நிரப்பி, டிரம்மில் 5 நிமிடம் ஓட்டி, அதையும் வடித்துவிடுங்கள். இரண்டாவது முறையும் வெளுத்தே வந்தால் இன்னொரு தடவை செய்யுங்கள். எண்ணெய் தெளிந்த பிறகு பெட்டியை நிரப்பி மூடி, சீல் மாற்றும் வரை எஞ்சினை நீருக்கு வெளியே நிறுத்துங்கள்.